முதல் பெயர் இல்லாத மனு

கொழும்பிலிருந்து வந்த பிள்ளை முதலில் கேட்டது, "இதையெல்லாம் ஆர் இப்பிடி அடுக்கினது?" என்றுதான். நான் கதவோரமாக நின்றேன். அறையில் வேறு யாரும் இல்லாததால் நான்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அது ஹட்டனில் செயலாளர் ஐயாவின் வீட்டுப் பின்னறை. ஐயா ஒரு காலத்தில் ஜனாதிபதியின் பணியாளர்களில் ஒருவராக இருந்தவர். மலையகத் தோட்டங்களின் காரியங்களைக் கவனிப்பது அவர் பொறுப்பு. வாரத்தில் நான்கு நாள் கொழும்பில் இருப்பார், மிச்ச நாள் இந்த வீட்டு முன்னறையில். அங்கே வரும் சனங்களிடம் மனுக்களை வாங்கி, 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று சீல் குத்தி, அவர் மேசையில் வைப்பது என் வேலை. கேட்டைத் திறப்பது, தேத்தண்ணீர் ஊற்றுவது, நாய்க்குச் சோறு வைப்பது எல்லாமும் என் வேலைதான். இருபத்திரண்டு வருடம் செய்தேன்.

ஐயா போன வருடம் இறந்துபோனார். வெளிநாட்டில் இருக்கும் அவர் மகன், அப்பாவின் காகிதங்களை எல்லாம் கொழும்பில் ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். வீட்டை விற்கப்போகிறார்கள். பட்டியல் போட்டுப் பெட்டியில் கட்டி எடுத்துப்போக அந்தப் பிள்ளையை அனுப்பியிருந்தார்கள். முப்பது வயதிருக்கும். பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"இலக்க வரிசையும் இல்லை, திகதி வரிசையும் இல்லை. பிறகு இது என்ன வரிசை ஐயா?"

"பஸ் வரிசைங்க."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இன்றுவரை வராது.

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். ஐயா பைல்களில் எழுதும் ஆங்கில இலக்கமெல்லாம் எனக்குப் புரியாது. அதனால் மனுக்கொண்டு வருகிறவரிடம், எந்த பஸ்ஸில் வந்தீர்கள், எங்கே ஏறினீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். மஸ்கெலியா ரோட்டு மனுக்களுக்குப் பச்சைக் கயிறு. நோட்டன் பிரிட்ஜ் ரோட்டுக்குக் கறுப்பு. கொட்டகலைப் பக்கத்துக்கு மஞ்சள். கட்டுக்குள்ளே பஸ் நிற்கும் ஹோல்ட் எப்படி வருகிறதோ அப்படியே தோட்டங்களும் வரும். ஐயா ஏதாவது கேட்டால் மனதுக்குள் பஸ் ஏறி, அந்த ஹோல்டில் இறங்கி எடுத்துக்கொடுப்பேன். "ஒன் ரூமுக்குள்ள போறதுக்கு டிக்கட் எடுக்கணும் போலடா" என்று ஐயா சொல்லிச் சிரிப்பார்.

இதை நான் விட்டு விட்டுச் சொன்னேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

"அப்ப நாங்கள் இதைக் குழப்ப ஏலாது. ஒருத்தர் எந்த வரிசையில வச்சுப் பாவிச்சாரோ, அந்த வரிசையிலதான் நாங்களும் வைப்பம். அதுதான் எங்கட முறை."

என் கயிறுகளுக்கு இப்படி ஒரு மரியாதை வரும் என்று நான் நினைத்ததில்லை. வேறொரு நாளாக இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பேன்.

"அந்த மேல் தட்டில வெள்ளைக் கயிறு கட்டினது எந்த ரோட்டு?"

"அது எந்த ரோட்டும் இல்லைங்க. மேல அனுப்ப முடியாம ஓரமா வச்சது."

அந்த வெள்ளைக் கட்டுக்குள் ஒரு மனு இருந்தது. அது வெளியே வந்தால் ஒரு பெண்ணுக்கு வீடு கிடைக்கும். அதோடு நான் செய்ததும் வெளியே வரும். அந்தப் பிள்ளை வருவதற்கு முந்திய நாள் காலையில், ஐயா வீட்டு வெந்நீர் அடுப்புக்கு முன்னால் அந்த மனுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கொதித்து அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். தீயில் போடவில்லை. நல்ல மனதால் போடாமல் விட்டேன் என்று சொல்லமாட்டேன். என் கை எதையும் சட்டென்று செய்யாத கை. நடந்ததற்கும் அதுதான் காரணம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் மஸ்கெலியா ரோட்டில் ஒரு தோட்டத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். மூன்று ஆண்கள், ஒரு பெண். அவர்கள் இருந்த லயம் மலைச்சரிவுக்கு அடியில். லயம் என்றால் ஒரே கூரைக்கடியில் வரிசையாகக் காம்பராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். லயத்துக்கு மேலே மண்ணில் வெடிப்பு விட்டிருந்தது. பீலியில் வரும் தண்ணீர் கலங்கலாக வந்தது. வேறு இடம் கொடுக்கச் சொல்லி மனு எழுதியிருந்தார்கள்.

அந்த மனுவைப் போல் ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. பெரிய தாளில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு, வட்டத்துக்குள்ளே விசயத்தை எழுதியிருந்தார்கள். வட்டத்தைச் சுற்றி வெளியே பெயர்கள். ஒவ்வொரு பெயரோடும் காம்பரா நம்பர், பக்கத்தில் கையெழுத்து அல்லது பெருவிரல் அடையாளம். தாளைச் சுற்றிச் சுற்றித்தான் படிக்க வேண்டும்.

"ஏங்க இப்படி?" என்று கேட்டேன்.

வந்தவர்களில் வயதானவர் சொன்னார். "எங்கப்பா காலத்துல ஒரு மனுவுல அவருதான் மொத பேரு. தொரை மத்தவங்க யாரையும் ஒண்ணும் கேக்கல. மொத பேருக்காரன மட்டும் வேலய நிப்பாட்டுனாரு. அதுலருந்து எங்க லயத்துல யாரும் மொத பேரு போடுறது இல்ல. வட்டத்துல மொதலு எது, கடைசி எது? பிடிக்கட்டும் பாப்போம்."

கூட வந்த பெண், "தாளப் பாத்தா தோசக்கல்லுல ஈ மொச்சாப்புல இருக்கு மாமா. தொரைக்குத் தல சுத்தும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சீல் குத்தினேன். சீல் நன்றாக விழுந்தது. தாளை அந்தப் பெண்ணின் கையிலிருந்துதான் வாங்கினேன்.

சாயந்தரம் ஐயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே அனுப்புகிற எந்த மனுவையும் முதல் மனுதாரர் பெயரில்தான் பதிவார்கள். பதிலும் அந்தப் பெயருக்குத்தான் வரும். பெயர் இல்லையென்றால் புத்தகத்தில் ஏறாது. ஐயா சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் எழுதினார்: 'முதல் பெயர் வேண்டும். மனு கொடுத்தவர்களுக்கு உடனே சொல்லவும்.' அதற்குக் கீழே என் பெயரை எழுதிக் கோடு போட்டார்.

"யாராவது ஒருத்தன் பேர மேல போட்டுக் கொண்டாரச் சொல்லு. நானே கையோட கொண்டு போறேன்" என்றார்.

நான் போயிருக்க வேண்டும். பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம், இறங்கி மேலே ஏற அரை மணித்தியாலம். அவ்வளவுதான் வழி. ஆனால் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நிற்கும் அத்தனை பேர் முன்னாலும் போய் நின்று, யார் முதல் பெயர் போடுவீர்கள் என்று கேட்பதை நினைத்து நாளைத் தள்ளிப்போட்டேன். சனங்கள் மனு கொடுத்தால் ஒரு வாரத்தில், பத்து நாளில் திரும்பி வந்து என்னாச்சு என்று கேட்பது வழக்கம். வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அவர்கள் வரவில்லை. சீல் விழுந்த மனு போய்ச் சேர்ந்த மாதிரிதான் என்று நம்பி இருந்துவிட்டார்கள். சீல் குத்தியவன் நான்.

மூன்றாவது வாரம் மழை பிடித்தது. ஒரு காலையில், பெரட்டுக் கலைந்து ஆட்கள் மலைக்கு ஏறிய பிறகு மண் இறங்கியது. லயத்தில் அந்த நேரம் இருந்தவர்கள் வேலையிலிருந்து ஓய்ந்தவர்களும் காய்ச்சல்காரர்களும் கைப்பிள்ளைக்காரிகளும். ஏழு காம்பராக்கள் இருந்த இடம் தெரியாமல் போயின.

மனுவை என்னிடம் தந்த பெண் அன்று ஹட்டனில் வேலைக்குப் போயிருந்தாள். புருசன் செத்த பிறகு நோட்டன் பிரிட்ஜிலிருந்து வந்து, அக்காவின் காம்பராவில் இருந்துகொண்டு, பஸாரில் ஒரு கடைக்காரர் வீட்டில் சமையலுக்குப் போய்வந்தவள். அவளுடைய அக்கா, அத்தான், அக்கா மகளின் கைக்குழந்தை, மூவரும் உள்ளே இருந்தார்கள். குழந்தையை இரண்டாம் நாள்தான் எடுத்தார்கள்.

ஐயாவோடு நானும் போனேன். வரிசையாகப் பெட்டிகளை வைத்திருந்தார்கள். அவள் சேறு காய்ந்த சேலையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி வந்தாள்.

"அண்ணே, நாங்க குடுத்த மனு என்னாச்சு?"

"மேல போயிருச்சு தங்கச்சி. கொழும்புல இருக்கு."

திரும்பி வரும்போது வேனில் ஐயா கேட்டார், "அன்னைக்கு அவங்ககிட்ட சொன்னியாடா?" நான் ஆமாம் என்று தலையாட்டினேன். "அப்புறம் ஏன் ஒருத்தனும் வரல" என்று ஐயா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தாளை நான் வெள்ளைக் கயிற்றில் வைத்துக் கட்டினேன்.

தப்பியவர்களுக்கு வீடு கட்டிக்கொடுப்பதாகச் சொன்னார்கள். பட்டியலைத் தோட்டத்துச் செக்ரோலைப் பார்த்துப் போட்டார்கள். செக்ரோலில் வேலையாட்களின் பெயர்தான் இருக்கும். அவள் தோட்டத்தில் பேர் பதிந்தவள் இல்லை. வாக்காளர் இடாப்பிலும் அவள் பெயர் புருசனுடைய தோட்டத்தில்தான் இருந்தது. அந்த லயத்தில் இருந்ததற்கு ஒரு துண்டாவது கொண்டுவாருங்கள் என்று பிரதேச செயலகத்தில் சொன்னார்கள். அவளிடம் இருந்த துண்டெல்லாம் மண்ணுக்குள். தோட்டத்தில் பூட்டிக்கிடந்த பழைய பிள்ளைக் காம்பராவில், முன்பு கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற இடத்தில், ஒரு மூலையில் அவளை இருக்க விட்டார்கள். ஆறு வருடமாக அங்கேதான் இருந்தாள்.

ஹட்டன் பஸ் நிலையத்தில் என்னைப் பார்க்கும் போதெல்லாம் கேட்பாள். "அந்த மனுவுல என் பேரு, காம்பரா நம்பரு எல்லாம் இருக்குண்ணே. நம்ம அக்கா பேருக்குப் பக்கத்துலயே வெரல் வச்சேன். கொழும்புல இருக்குன்னீங்களே, ஐயாகிட்டச் சொல்லி எடுத்துக் குடுங்க."

"பாக்கிறேன் தங்கச்சி" என்பேன். அவள் வரும் பஸ் நேரம் தெரிந்த பிறகு அந்த நேரத்தில் நான் நிலையத்துப் பக்கம் போவதில்லை.

ஆகவே அந்தப் பிள்ளை ஏணியில் ஏறி வெள்ளைக் கட்டை இறக்கியபோது நான் அங்கேயே நின்றேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டி வட்ட மனுவுக்கு வந்தார். தாளைச் சுற்றிச் சுற்றி எல்லாப் பெயரையும் படித்தார். பிறகு ஓரத்துக்கு வந்தார்.

"இந்தப் பேர் ஆருடையது?"

"என்னோடதுங்க."

"சொன்னனீங்களா?"

"இல்லைங்க."

அவர் யன்னல் பக்கம் போய்த் தாளை இன்னொரு தரம் பார்த்தார். எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் நான் அடுத்ததைக் கேட்டிருக்கமாட்டேன்.

"அதுல வெரல் வச்ச ஒரு பொம்பளைக்கு இதோட கோப்பி வேணுங்க. வீட்டுக்கு."

இந்தக் காகிதங்களை இத்தனை வருடத்துக்கு வெளியாருக்குக் காட்டக்கூடாது என்று மகன் எழுதிக்கொடுத்திருந்தாராம். ஆனால் மனுவில் ஒப்பம் வைத்தவரே கேட்டால் சீல் வைத்த நகல் கொடுக்கலாம் என்று அந்தப் பிள்ளை சொன்னார். அந்தப் பெண் ஒரு விண்ணப்பத்தில் விரல் வைத்துத் தர வேண்டும். மேலே இருப்பவர்களிடம் கேட்டு இரண்டு வாரத்தில் அனுப்புவார்.

"ஓரத்த விட்டுட்டு எடுக்க முடியுங்களா? வட்டம் மட்டும் இருந்தாப் போதும் அவளுக்கு."

"ஓரத்தை விட்டா அது நகல் இல்லை ஐயா."

அன்று அவர் பட்டியலில் அதற்கு எழுதியதை எனக்குப் படித்துக்காட்டினார்: 'மண்சரிவுக்கு மூன்று வாரம் முன்பு கொடுக்கப்பட்ட மனு. மேலே அனுப்பப்படவில்லை.' நான் கேட்டேன், இப்போதாவது அதைப் பச்சைக் கயிற்றுக்கு மாற்றி மஸ்கெலியா ரோட்டில் அந்த ஹோல்டில் வைக்கலாமா என்று. அவர் கூடாது என்று தலையை ஆட்டினார்.

"நீங்கள் தனியா வச்சிருந்தது தனியாத்தான் இருக்கோணும்."

விண்ணப்பத்தில் விரல் வாங்க அவள் சமைக்கும் கடைக்காரர் வீட்டுக்குப் போனபோது, "கொழும்புலருந்து தாராங்க" என்று மட்டும் அவளிடம் சொன்னேன். நகல் வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினேன். ஆறு வருடத்துக்கு முன்னால் இறங்கியிருக்க வேண்டிய ஹோல்டில் இறங்கினேன். ஏறுவதற்கு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

பிள்ளைக் காம்பராவின் சுவரில் பழைய வாத்துப் படங்கள் பாதி உரிந்திருந்தன. அவள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"இதுல நான் எங்கண்ணே இருக்கேன்?"

காட்டினேன்.

"அப்ப இது அக்கா. இது அத்தான். படிங்க, எல்லாத்தையும் படிங்க."

வட்டத்தைச் சுற்றிப் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அவள் "இல்ல", "இருக்காரு", "இல்ல" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். மனுவை விளக்கிச் சொன்ன அந்த வயதானவருக்கும் "இல்ல" என்றாள். சுற்றி முடிந்தது. நான் தாளை மடிக்கப்போனேன்.

"ஓரத்துல என்னமோ பொடிசா எழுதியிருக்கே, அது என்ன?"

நகலில் சிவப்பு கறுப்பாக விழுந்திருந்தது. சீல் நம்பர் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். பிரதேச செயலகத்தில் யாராவது படித்துச் சொல்கிறவரை நம்பிக்கொண்டு இருந்திருப்பாள். நான் படித்தேன். என் பெயரையும் படித்தேன்.

"சொல்லவும்னா?"

"ஒங்ககிட்ட வந்து சொல்லச் சொன்னாரு. ஒரு பேர மேல போட்டா ஐயாவே கொண்டு போறேன்னாரு."

"நீங்க வந்தீங்களா?"

"வரல தங்கச்சி."

"அப்ப கொழும்புக்குப் போகவே இல்ல."

"இல்ல."

அடுப்பில் விறகு சரிந்தது. அவள் போய் அதைச் சரியாக்கிவிட்டு வந்தாள். "மொத பேரு நானே போட்டிருப்பேனே" என்றாள். "நான் தோட்டத்து ஆளு இல்லியே. தொரை என்ன வேலயவா நிப்பாட்டுவாரு." இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கொன்று தப்பிப்போனதைச் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு தாளை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். நான் வெளியே வந்து வாசலில் நின்றேன். அவள் அழும் சத்தம் கேட்டது. போகச் சொல்லவில்லை, உள்ளே வரவும் சொல்லவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு நானாகவே இறங்கிப் போனேன்.

அடுத்த வாரம் பிரதேச செயலகத்திலிருந்து அவளுக்குச் சொன்னார்கள். நகல் சரிதான், ஆனால் இந்த மனு எந்தப் பதிவிலும் இல்லாதபடியால், அதை வாங்கிய ஆள் ஒரு சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். கடைக்காரர் வீட்டு டெலிபோனிலிருந்து அவள் என்னைக் கூப்பிட்டு நாளையும் நேரத்தையும் மட்டும் சொன்னாள்.

ஹட்டன் பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி, சத்தியக் கடதாசி முடித்துக்கொடுக்கும் சமாதான நீதவான். மிளகாய் மூட்டைக்குப் பின்னால்தான் அவர் மேசை. அவள் எனக்கு முன்பே வந்து ஓரமாக நின்றாள். "நெடி ஏறுனா வெளிய போய் இருமிட்டு வாங்க. சத்தியம் பண்றப்ப இருமுனா பொய்யும்பாங்க" என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். இன்ன அலுவலகத்தில் இன்ன வேலை பார்த்தேன், இன்ன நாள் இந்த மனுவை என் கையால் வாங்கிச் சீல் குத்தினேன் என்று எழுதினார். "அவ்வளவுதானே?"

"இன்னொண்ணு இருக்குங்க" என்றேன். "முதல் பெயர் வேணும்னு போய்ச் சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல. அதையும் எழுதுங்க."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "அது எதுக்கு தம்பி? வீட்டுக்கு அது தேவையில்ல. வீணா வம்ப வெல குடுத்து வாங்காத."

 அவர் சொன்னதும் சரிதானே என்று ஒரு நிமிடம் மனம் அந்தப் பக்கம் போனது. சொல்லாமல் இருக்க எனக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

"எழுதுங்க" என்றாள் அவள். வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அவர் எழுதினார். கீழே என் பெயரைப் போடச் சொன்னார். அந்தத் தாளில் வேறு யார் பெயரும் இல்லை. ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் முழுப் பெயரையும் எழுதி முடிக்க எனக்கு நேரம் எடுத்தது.

இது நடந்து எட்டு மாதமாகிறது. பெட்டிகள் கொழும்புக்குப் போய்விட்டன. ஐயாவின் வீட்டுக்குப் புதிய ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் இப்போது கொட்டகலையில் மரம் அறுத்து விற்கும் ஒரு மரக்காலையில் காவல் இருக்கிறேன். போன கிழமை ஹட்டன் பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். இந்தத் தடவை நான் ஒதுங்கிப் போகவில்லை. அவள் மஸ்கெலியா பஸ்ஸில் ஏறப் படியில் கால் வைத்திருந்தாள்.

"பேரு லிஸ்ட்டுல வந்திருச்சு" என்றாள். "இடம் வெட்டிப் போட்டிருக்காங்க. கல்லு இன்னும் வரல."

அண்ணே என்று சொல்லவில்லை. ஏறிப்போய் முன் சீட்டில், சாரதிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பஸ் புறப்படப் பத்து நிமிடம் இருந்தது. நான் அங்கேயே நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.